கம்ப்யூட்டர் சொல்லும் தூசிக் கணக்கு: நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

(நன்னிலத்தில் சங்கச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆலை வருதுன்னா முதல்ல வர்றது ஒரு தடித்த புத்தகம். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைன்னு பேர். "தூசி உங்க ஊர்ல அனுமதித்த அளவுக்குள்ளதான் இருக்கும், கம்ப்யூட்டர் கணக்கு சொல்லுது" என்பார்கள். நாம் வாயடைத்துப் போகிறோம். போக வேண்டியதில்லை தோழர்களே!

பயிர்க் காப்பீட்டில் என்ன நடக்குது? நாலு இடத்தில் அறுத்துப் பார்த்து, அந்தச் சராசரிதான் ஊர் விளைச்சல் என்கிறார்கள். பள்ளத்து வயல் அழுகிப் போனவருக்கும் அதே சராசரிதான். தூசிக் கணக்கும் அதே ரகம். புகைபோக்கியின் உயரம், வெளியேறும் தூசியின் அளவு, காற்றின் வேகம், திசை எல்லாம் கொடுத்தால், எந்த ஊரில் எவ்வளவு சேரும் என்று கம்ப்யூட்டர் கணித்துச் சொல்லும். ஏற்கெனவே காற்றில் இருக்கிற தூசியை அதோடு கூட்டுவார்கள். கணக்கில் தப்பில்லாமல் இருக்கலாம். ஆனா விதைநெல் பதரா இருந்தா நாத்து எங்கேருந்து வரும்?

ஆகவே நாம் நான்கு கேள்வி கேட்போம்.

ஒன்று: எந்த மாதத்தில் அளந்தீர்கள்? 2006 அறிவிக்கைப்படி மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவம் அளந்தாலே போதும் என்று விட்டுவிட்டார்கள். சித்திரையில் அளந்தது ஆடி மேல்காத்துக்கும் மார்கழி வாடைக்கும் ஆகுமா? காத்து திரும்பினா தூசி விழுகிற ஊரும் மாறுமே!

இரண்டு: சராசரி மட்டும்தானா? 2009-ல் வந்த தேசிய அளவுகோலில், பி.எம். 10 என்ற தூசி ஒரு கனமீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 60 மைக்ரோகிராம், ஒரு நாளைக்கு 100. வாரத்தில் ஆறு நாள் 40, ஒரு நாள் 180 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி சரியாக 60! வருஷத்தில் 52 நாள் நம் பிள்ளைகள் 180-ஐ சுவாசித்தாலும் ஆண்டுக் கணக்கு "பாஸ்". ஆகவே நாள் கணக்கைக் காட்டச் சொல்லுவோம்.

மூன்று: நுண்தூசி எவ்வளவு? நுரையீரலின் அடிவரை இறங்குவது பி.எம். 2.5. நம் நாட்டில் ஆண்டுக்கு 40 வரை அனுமதி. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது வெறும் 5.

நான்கு: சுற்றியுள்ள எல்லா ஆலைகளையும், செங்கல் சூளை, லாரிப் புழுதியையும் சேர்த்தீர்களா? தனித்தனியா கணக்குப் போட்டா மொத்தச் சுமை மறைஞ்சு போகும். 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் காற்று, நீர், நிலம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது, மணலியும் கடலூரும் கடுமையாக மாசுபட்ட பகுதிகள் பட்டியலில் வந்தன.

அந்தக் கடலூர் சிப்காட் மக்கள் சும்மா இருக்கவில்லை. 2004-லேயே வாளியில் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அது தூசியில்லை, விஷவாயு. ஆனால் வழி ஒன்றுதான்: நாமும் அளக்கணும், எழுதி வைக்கணும்.

2020-ல் டெல்டாவுக்குப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. உருக்காலை, தோல் ஆலை, புதிய எண்ணெய்க் கிணறு எல்லாம் கூடாது என்கிறது. ஆனால் ஏற்கெனவே நடப்பதை அது தொடாது. பட்டியலில் இல்லாத தொழிலையும் தடுக்காது. ஆகவே விழிப்பு நம் கையில்தான்.

நம் கோரிக்கை: ஆண்டு முழுக்க அளவீடு! நாள்வாரிக் கணக்கு! ஊரிலேயே அளக்கும் கருவி! மக்கள் கருத்துக் கேட்புக்கு 30 நாள் முன்னறிவிப்பும், தமிழில் அறிக்கைச் சுருக்கமும் சட்டப்படி நமக்குள்ள உரிமை. கூட்ட முடிவில் நாம் பேசியதைத் தமிழில் வாசித்துக் காட்டணும். வாசிக்காம யாரும் எழுந்து போகாதீங்க!

காற்றும் நம்முடையது! வயலும் நம்முடையது!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்!