சொல்லிவைக்க ஆளில்லாத பிள்ளைகளுக்கு: லிங்க்ட்இன் பக்கத்தை எப்படி எழுதுவது?

(வேலைவாய்ப்பு வழிகாட்டுக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நம் ஊரில் ஒரு பிள்ளை படிப்பை முடித்ததும் வீட்டில் என்ன பேசுகிறோம்? "சென்னையில் மாமா இருக்கிறார், துபாயில் மச்சான் இருக்கிறார், சொல்லிவைப்போம்" என்கிறோம். சொல்லிவைக்க ஆள் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு ஏதோ ஒரு வழி திறந்துவிடுகிறது. கறிக்கடையில் கூலிக்கு நிற்பவரின் மகள் பி.காம். முடிக்கிறாள். தையல் தைத்துப் படிக்கவைத்த தாயின் மகன் டிப்ளமா முடிக்கிறான். இவர்களுக்காக யார் சொல்லிவைப்பது? இன்று நான் பேச வந்தது இந்தப் பிள்ளைகளுக்காகத்தான்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். ஆனாலும் பட்டதாரிகளுக்கு வேலை தரும் கம்பெனிகள் பெரும்பாலும் சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும்தான் இருக்கின்றன. 2023-ல் நம் மாவட்டத்தில் 2,302 கோடி ரூபாய் முதலீட்டில், 20,000 பேருக்கு வேலை தரும் காலணித் தொழிற்சாலை அமைக்கத் தைவான் நிறுவனம் ஒன்று தமிழக அரசோடு ஒப்பந்தம் செய்தது. அப்படிப்பட்ட ஆலைக்கு மிஷினில் உட்கார மட்டுமா ஆள் வேண்டும்? கணக்கு, ஸ்டோர், தரச் சோதனை, மனிதவளம் என்று எல்லாவற்றுக்கும் வேண்டும். அந்த ஆட்களைத் தேடும் அதிகாரி நம் தெருவுக்கு வந்து விசாரிக்க மாட்டார். தன் கம்ப்யூட்டரில் தேடுவார். அவர் தேடும் இடங்களில் முக்கியமான ஒன்று லிங்க்ட்இன்.

2003-ல் அமெரிக்காவில் தொடங்கிய தளம் இது. 2016-ல் மைக்ரோசாஃப்ட் இதை வாங்கியது. இந்தியாவில் மட்டும் 10 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இதில் இருக்கிறார்கள். கணக்குத் தொடங்கப் பணம் தேவையில்லை. கல்யாண போட்டோ போடுவதற்கும் அரசியல் சண்டைக்கும் உரிய இடமல்ல இது. உன் படிப்பு, உன் வேலை, உன் திறமை ஆகியவற்றை அறிமுகமில்லாதவர் முன் வைக்கும் இடம்.

"நம்மைப் பற்றி நாமே பேசலாமா? பெருமை ஆகிவிடாதா?" என்று சில பிள்ளைகள் தயங்குகிறார்கள். யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். நாட்டின் களஞ்சியங்களைத் தம்மிடம் ஒப்படைக்கும்படி அரசரிடம் அவர்களே கேட்டார்கள். அதற்கு இரண்டு தகுதிகளைச் சொன்னார்கள்: பாதுகாக்கத் தெரியும், அதற்கான அறிவு உண்டு. வேறு எதையும் சேர்க்கவில்லை. அதற்கு முன்பே, ஏழு வருட விளைச்சலை எப்படிச் சேமிப்பது என்று திட்டம் சொல்லித் தம் திறமையைக் காட்டியிருந்தார்கள். உள்ளதைச் சொல்வது பெருமையாகாது. இல்லாததைச் சொல்வதுதான் பாவம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பெயருக்குக் கீழே ஒரு தலைப்பு வரி இருக்கிறது. 220 எழுத்துகள் வரை எழுதலாம். தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது அந்த வரிதான். நம் பிள்ளைகள் அங்கே "வேலை தேடுகிறேன், கடின உழைப்பாளி" என்று எழுதுகிறார்கள். கடின உழைப்பாளி என்று யாரும் தேடுவதில்லை. கணக்கர், டேலி, கொள்முதல், ஏ.சி. மெக்கானிக் என்றுதான் தேடுகிறார்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு வாங்கிச் சேகோ ஆலைக்கு அனுப்பும் வியாபாரி ஒருவரின் மகன் பி.காம். முடித்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அனுபவம் என்ன என்று கேட்டால், "ஒன்றுமில்லை, அத்தாவுக்கு ஒத்தாசையாக இருந்தேன்" என்பான். கொஞ்சம் கிளறிக் கேளுங்கள். சீசனில் லோடு ஏற்றியது, எடைச்சீட்டு சரிபார்த்தது, மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் வந்தது என்று பார்த்து விவசாயிக்குச் சேரவேண்டிய தொகையைக் கணக்கிட்டது, லாரி வாடகை பேசியது, எல்லாவற்றையும் டேலியில் ஏற்றியது என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். இது ஒத்தாசை அல்ல, இரண்டு வருடக் கொள்முதல் அனுபவம்! தலைப்பு வரி இப்படி இருக்கட்டும்: "பி.காம். பட்டதாரி. விளைபொருள் கொள்முதல், லோடு கணக்கு, டேலி ஆகியவற்றில் இரண்டு வருட அனுபவம். சேலம், கோவை, சென்னையில் கணக்கர் வேலை தேடுகிறேன்." அனுபவப் பகுதியில், சீசனுக்கு எத்தனை லோடு, எத்தனை விவசாயிகளின் கணக்கு என்று எண்ணோடு எழுதட்டும்.

மதரஸாவில் ஏழு வருடம் ஓதிய ஆலிம்களும் இதைக் கவனிக்க வேண்டும். அரபி எழுதவும் படிக்கவும் தெரிவது பெரிய திறமை. மொழிபெயர்ப்பு, அரபிப் பாடம் நடத்துதல், வளைகுடா நிறுவனங்களின் ஆவண வேலை ஆகியவற்றுக்கு அது பயன்படும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் அப்ஸலுல் உலமா படித்திருந்தால் அதையும் கல்விப் பகுதியில் தயங்காமல் எழுதுங்கள்.

"என்னைப் பற்றி" என்ற பகுதியை முதலில் ஒரு தாளில் தமிழில் எழுதுங்கள். என்ன செய்தேன், என்ன தெரியும், என்ன வேலை வேண்டும் என்று மூன்று பத்தி போதும். பிறகு எளிய ஆங்கிலத்துக்கு மாற்றி, ஓர் ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். சாட்ஜிபிடியிடம் மொழியைத் திருத்தச் சொல்லலாம். அது சேர்க்கும் அலங்காரங்களில் உங்களுக்குப் பொருந்தாததை அடித்துவிடுங்கள். நேர்முகத்தேர்வில் பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.

சகோதரிகள் போட்டோ பற்றிக் கேட்கிறீர்கள். போட்டோ கட்டாயமில்லை. போடுவதானால், உங்கள் தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி அமைக்க வசதி உண்டு. ஹிஜாபுடன் எடுத்த தெளிவான போட்டோ போதும். போன் நம்பரையும் வீட்டு முகவரியையும் பொதுவில் போடாதீர்கள். வேலைக்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குச் சம்பந்தமில்லாமல் யாராவது செய்தி அனுப்பினால், பதில் சொல்லாமல் பிளாக் செய்யுங்கள்.

இப்போது பலர் மனதில் இருந்தும் வாய்விட்டுக் கேட்காத கேள்விக்கு வருகிறேன். "பெயரைப் பார்த்தே ஒதுக்கிவிட்டால்?" இந்தப் பயம் வெறும் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். சுகதேவ் தோரட், பால் அட்வெல் ஆகிய இரு அறிஞர்கள் நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். தகுதி ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு. 2007-ல் வெளியான அந்த ஆய்வின்படி, உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் முஸ்லிம் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு. இது நம் ஒரு சமுதாயத்தின் குறை மட்டுமல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதற்காகப் பெயரைச் சுருக்கி மறைக்கலாமா? வேண்டாம் என்பேன். நாளை சான்றிதழைக் காட்டும்போது தெரியத்தான் போகிறது. பெயரை மட்டும் பார்க்கும் விண்ணப்பக் குவியலில் நம்மை விட்டுவிடாமல், ஆளை அறிந்தவர் வழியாகப் போவதே நல்ல வழி. 2022-ல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. லிங்க்ட்இன்னில் 2 கோடி பேரின் தொடர்புகளை ஆராய்ந்தார்கள். வேலை கிடைக்க அதிகம் உதவியவர்கள் மிக நெருங்கியவர்கள் அல்லர், ஓரளவு அறிமுகமானவர்கள்தான். காரணம் எளிது. நமக்குத் தெரிந்ததுதான் நம் மச்சானுக்கும் தெரியும். கல்லூரியில் இரண்டு வருடம் மேலே படித்தவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. ஆகவே கூடப் படித்தவர்கள், சீனியர்கள், ஆசிரியர்கள், பயிற்சி எடுத்த இடத்தின் மேலாளர் எல்லோரையும் இணைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சமுதாயத்தாரும் அதில் இருக்கட்டும். "வேலை வாங்கிக் கொடுங்கள்" என்று முதல் நாளே கேட்காதீர்கள். "உங்கள் கம்பெனியில் இந்த வேலைக்கு என்ன எதிர்பார்க்கிறார்கள்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல யாரும் யோசிக்கமாட்டார்கள்.

பரிந்துரை என்றொரு பகுதியும் உண்டு. மத்யனில் மூஸா (அலை) ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டியதை நேரில் பார்த்த பெண், வலிமையும் நம்பகமும் உள்ளவர் என்று சொல்லித் தம் தந்தையிடம் வேலைக்குப் பரிந்துரைத்தார். நேரில் பார்த்தவர் சொன்ன சொல் அது. நீங்களும் உங்கள் வேலையைப் பார்த்தவரிடம் மட்டும் பரிந்துரை கேளுங்கள்.

அடுத்தது எச்சரிக்கை. பணம் வாங்கிக்கொண்டு இரண்டு வருட அனுபவச் சான்றும் சம்பளச் சீட்டும் தயாரித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். "எல்லோரும் செய்கிறார்கள்" என்பார்கள். பெரிய கம்பெனிகள் பி.எஃப். பதிவைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்துவிடுகின்றன. சேர்ந்து ஆறு மாதம் கழித்துக்கூட வெளியே அனுப்புவார்கள். பொய்ச் சாட்சியைப் பெரும் பாவங்களில் ஒன்றாக எண்ணினார்கள் நபி (ஸல்) அவர்கள். தன்னைப் பற்றித் தானே எழுதும் பக்கமும் சாட்சியம்தான். அந்தப் பொய்யால் வரும் சம்பளத்தில் பரக்கத்தை எப்படி எதிர்பார்ப்பது?

வேலை தருவதாக வரும் செய்தி எல்லாம் வேலை அல்ல. 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மரின் மியாவடியில் சிக்கி, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அக்டோபரில் 13 பேர் மீண்டு சென்னை வந்து சேர்ந்தார்கள். நேர்முகத்தேர்வுக்கு முன் பணம் கேட்டால் நிறுத்திவிடுங்கள். வெளிநாடு என்றால், முகவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்று இ-மைகிரேட் தளத்தில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். விசிட் விசாவில் வேலைக்குப் போகாதீர்கள். பணம் ஏமாந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

பக்கம் எழுதியவுடன் வேலை வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். வாரம் ஒரு மணி நேரம் அதற்கு ஒதுக்குங்கள். தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையத்திலும் பதிந்து வையுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்கல் வைக்கச் சொல்லப்பட்டவர்கள் நாம்.

கடைசியாக, வேலையில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வெளியூரிலும் வெளிநாட்டிலும் உள்ள நம் ஊர்க்காரர்களே, உங்கள் மச்சான் மகனுக்கு மட்டும் சொல்லிவைக்காதீர்கள். கறிக்கடைக்காரர் மகளின் இணைப்புக் கோரிக்கை வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். அவள் பக்கத்தைப் படித்துப் பார்த்து, தகுதி இருந்தால் உங்கள் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நல்லதற்குப் பரிந்துரைப்பவருக்கும் அதில் பங்கு உண்டென்று திருமறை கற்றுத்தருகிறது. உங்களுக்கு அது பத்து நிமிட வேலை. அந்த வீட்டுக்கு அது ஒரு தலைமுறையின் வாழ்வு.

வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்தில் இரண்டு கம்ப்யூட்டர்களுடன் உட்கார்ந்திருப்போம், இன்ஷா அல்லாஹ். சான்றிதழ்களோடும், நீங்கள் செய்த வேலைகளைத் தமிழில் எழுதிய ஒரு தாளோடும் வாருங்கள். சகோதரிகளுக்குத் தனி ஏற்பாடு உண்டு. மலையிலிருந்து இறங்கிவரும் பிள்ளைகளும், எந்தச் சமுதாயத்தவராக இருந்தாலும், தாராளமாக வரலாம்.

நம் பிள்ளைகளுக்கு ஹலாலான, விசாலமான ரிஸ்கை அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.