எழுத்தின் வடிவும் நூலின் வரலாறும்

வடமொழிக்கே உரியதென ஒற்றை எழுத்து என்றும் இருந்ததில்லை. காசுமீரத்தில் சாரதை, வங்கத்தில் வங்க எழுத்து, தமிழகத்தில் கிரந்தம், கேரளத்தில் மலையாளம் என அந்தந்த நாட்டு எழுத்தில் அது வாழ்ந்தது. நாகரியே அதன் எழுத்து என்னும் எண்ணம் அச்சு வந்தபின் வேரூன்றியது. ஆகவே, பழைய நூலொன்றை அதன் வரலாற்றுக்கு இசைந்த அச்செழுத்தில் வெளியிட விழைவோர் முதலில் விடைகாண வேண்டிய வினா, ‘எந்த வரலாறு?’ என்பதே.

மத்தவிலாசம் இதற்கு நல்ல சான்று. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் இயற்றிய அங்கத நாடகம் அது. கதை நிகழ்வது காஞ்சியில். அம்மன்னன் கால எழுத்தை மண்டகப்பட்டுக் குடைவரைக் கல்வெட்டு காட்டுகிறது. அது பல்லவ கிரந்தம். நாடகமோ கேரளத்துச் சாக்கையர் மேடையிலும் மலையாள எழுத்து ஏடுகளிலும் பிழைத்து நின்றது. 1917-இல் கணபதி சாஸ்திரியார் அதனைத் திருவனந்தபுரம் வடமொழி நூல்வரிசையில் நாகரியில் பதிப்பித்தார். பிறந்த எழுத்து ஒன்று. காத்த எழுத்து ஒன்று. பரப்பிய எழுத்து ஒன்று. மூன்றும் மெய்யே.

ஐரோப்பியரும் இவ்வினாவை எதிர்கொண்டனர். சார்லஸ் வில்கின்ஸ் தாமே உருவாக்கிய நாகரி அச்சில் 1808-இல் வடமொழி இலக்கணத்தை வெளியிட்டார். ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஷ்லேகல், பாரிசுச் சுவடிகளை முன்மாதிரியாகக் கொண்டு வேறு அச்செழுத்துகளை வெட்டுவித்து, 1823-இல் பான் நகரில் கீதையைப் பதிப்பித்தார். அது கீதை பிறந்த காலத்து எழுத்தன்று. பிற்காலத்துப் படியெழுதுவோரின் கைவடிவு. ஆயினும், காணாத தொன்மையைக் கற்பிக்காமல் கண்ட சுவடிக்கு உண்மையாக நின்றார் அவர். பதிப்பாளர்க்கு உரிய நேர்மை அதுவே.

பழமை மட்டும் போதாது, தெளிவும் வேண்டும். நாகரியின் பழைய வடிவில், ககர வருக்கத்தின் இரண்டாம் எழுத்து ரகரமும் வகரமும் அடுத்து நின்றாற்போல் தோன்றும். படிப்பவர் மயங்கின் சொல்லே மாறிவிடும். மத்தவிலாசம் முழுவதையும் பல்லவ கிரந்தத்தில் அச்சிட்டால் நூல் அணியாகும்; படிப்பார் அரியராவர். கூட்டெழுத்துகளைப் புள்ளியிட்டுப் பிரித்து எளிமையாக்கினாலோ, சுவடியில் பிழை புகுந்த வழி மறைந்துபோகும்.

எனவே மூலத்தை நல்ல நாகரியில் தருக. தமிழகத்துச் சுவடியாயின் எதிர்ப்பக்கத்தில் கிரந்தத்தையும் தருக. ஓர் ஏட்டின் நிழற்படமும் இணைக. 2014-இல் ஒருங்குறியில் கிரந்தம் இடம்பெற்றது. கணினியில் அவ்வெழுத்துக்கு இடமில்லை என்னும் பழைய சாக்கு இனிச் செல்லாது. கிரந்தம் படிப்போர் அருகிவரும் நாளில் இஃது அழகுக்கான ஏற்பாடன்று. படிக்கத் தெரிந்த கண் இல்லையேல், காப்பாற்றிய ஏடும் ஊமையே.