மிதிவண்டிக்கு ஓர் ஆற்றுப்படை

(இலக்கிய வட்டத்தின் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழில் வழி கூறுவதே ஓர் இலக்கிய வகையாக மலர்ந்துள்ளது. பரிசில் பெற்று மீள்பவன், எதிரே வறுமையுடன் வருபவனுக்குத் தான் நடந்து அறிந்த வழியை எடுத்துரைப்பது ஆற்றுப்படை. அவ்வகையில் மலைநாட்டு வழியை மிக விரிவாகச் சொல்லும் நூல் பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாம். 583 அடிகள் கொண்ட அந்நூல் செங்கத்தை ஆண்ட நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்துகிறது. செங்கம் தொலைவில் உள்ள ஊரன்று. சேர்வராயன் மலைக்கு வடகிழக்கே, அரூரையும் கடந்தால் வருவதுதான்.

அந்நூலின் சிறப்பு, மலையின் அழகைப் பாடியதோடு அது நின்றுவிடாமையே. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாசி படிந்து வழுக்கும் பாறை எது, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எவ்வாறு தப்புவது, பசித்தால் யார் சோறிடுவர் என்பவற்றை எல்லாம் அது சொல்கிறது. பின்வருவோன் இடர்ப்படக் கூடாது என்னும் அருள் உள்ளமே அந்நூலின் உயிர். இத்தகைய வழிநூல் இன்று யாருக்குத் தேவை என்னும் வினாவுக்கு விடை, கொண்டப்பநாயக்கன்பட்டிச் சாலையில் விடியற்காலையில் நின்று பார்ப்போர்க்கு எளிதில் கிடைக்கும். அது மிதிவண்டியில் செல்வோர்க்கே தேவை.

சேலம் மாநகரின் வடபுறம், ஏற்காட்டு மலையின் அடிவாரத்தை ஒட்டி அமைந்தது இவ்வூர். விடுமுறை நாட்களில் உந்துவண்டிகள் வரிசையாக மலை ஏறுவதை இங்கே காணலாம். மிதிவண்டி ஆர்வலர் பலரும் அந்த வரிசையிலேயே சேர்ந்துகொள்கின்றனர். மலை என்றால் உச்சி, உச்சி என்றால் ஏற்காடு என்பது பொதுவான எண்ணம். அந்த எண்ணம் முழுதும் சரியன்று என்பதே இவ்வுரையின் கருத்து.

ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சேலம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 280 மீட்டர். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ எடை எனக் கொண்டால், அதனை 1,200 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்கு உடல் செலவிட வேண்டிய ஆற்றல் 900 கலோரி அளவு ஆகும். உழைக்கும் மனிதனின் ஒரு வேளை உணவுக்கு அது ஈடு. ஏறும்போது தசைகளுக்குத்தான் சோதனை. உயிருக்குச் சோதனை இறங்கும்போதே வருகிறது. ஏறுகையில் சேர்த்த ஆற்றலில் பெரும்பகுதியை இறங்குகையில் தடைக்கட்டைகள் வெப்பமாக மாற்றியாக வேண்டும். இரும்புச் சக்கரம் கொண்ட பழைய வண்டியில், மழையில் நனைந்த பிரேக் பிடிக்காது. ஆகவே, பிரேக்கை இடைவிடாது அழுத்தாமல் விட்டுவிட்டுப் பிடிப்பதும், வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைப்பதும், நடுநடுவே நின்று இளைப்பாறுவதும் வேண்டும்.

ஏற்றத்துக்கு வழி கண்டவர் பிரான்சு நாட்டவர். வெலோசியோ என்னும் புனைபெயர் கொண்ட போல் த விவி (1853–1930) பலவகைப் பற்சக்கரங்கள் பொருந்திய கியர் வண்டியை வலியுறுத்தி எழுதி வந்தார். ஆயினும் புகழ்பெற்ற பிரான்சுச் சுற்றுப் பந்தயத்தில் சங்கிலியை மாற்றும் கியர்க் கருவி 1937ஆம் ஆண்டில்தான் அனுமதிக்கப்பட்டது. கியரைப் பயன்படுத்துவது வீரத்துக்கு இழுக்கு என்று கருதப்பட்டதே காரணம். உச்சியை வெல்வதே பெருமை என்னும் மனப்பாங்கு எங்கும் உண்டு போலும்.

ஆனால் மலையை அறிய இன்னொரு வழியும் உண்டு. அது மலையைச் சுற்றி வருவது. கோயில் வழக்கில் சொன்னால் கிரிவலம். சேர்வராயன் மலையை அடிவாரமாகவே ஒரு சுற்று வரலாம். கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து மேற்கே சென்றால், வெள்ளைக்கல் எனப்படும் மாக்னசைட் வெட்டியெடுத்த வெண்மேடுகள் தோன்றும். கருப்பூர், டேனிஷ்பேட்டை, லோக்கூர், பொம்மிடி எனப் பாதை வடக்கே நீள்கிறது. சென்னையிலிருந்து சேலம் வரும் இருப்புப்பாதையும் இந்த இடைவெளி வழியாகவே வருகிறது. 1860களின் தொடக்கத்தில் அப்பாதையை அமைத்த பொறியாளர்கள், நீராவி எஞ்சின் செங்குத்தாக ஏறாது என்பதனால் பள்ளத்தாக்கைத் தேடிப் பிடித்தனர். எஞ்சினுக்குத் தோதான சரிவு மிதிப்பவன் காலுக்கும் தோதானதே. மலைநாட்டில் எளிய வழியைத் தேடுவோர் இருப்புப்பாதையையும் ஆற்றையும் பின்பற்றினால் பெரும்பாலும் பிழை நேராது. டான்யூப் ஆற்றங்கரையில் பசாவு நகரிலிருந்து வியன்னா வரை செல்லும் புகழ்பெற்ற மிதிவண்டிப் பாதைக்கும் அடிப்படை இதுவே.

பொம்மிடியிலிருந்து கிழக்கே பாப்பிரெட்டிப்பட்டியை அடைந்தால், சேர்வராயன் மலையில் பிறக்கும் வாணியாற்றின் அணை மலையடியில் கிடக்கிறது. அங்கிருந்து தெற்கே மஞ்சவாடிக் கணவாய். ஒருபுறம் சேர்வராயன் மலை, மறுபுறம் சித்தேரி மலை. கணவாயைக் கடந்து குப்பனூர், அயோத்தியாப்பட்டணம், கன்னங்குறிச்சி வழியே புறப்பட்ட இடத்தை அடையலாம். ஏறியே தீர வேண்டும் என்போர்க்குக் குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டுக்கு மற்றொரு பாதை உள்ளது. அடிவாரப் பாதையை விட நெரிசல் குறைந்தது.

நாமக்கல் மாவட்டத்திலும் இதே நிலைதான். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் 70 வளைவுகளை அறியாதார் இல்லை. வல்வில் ஓரியின் மலை அது; அவனைப் பாடிய வன்பரணரின் பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. ஆனால் கொல்லிமலைக்கும் போதமலைக்கும் இடையே நாமகிரிப்பேட்டை, மெட்டாலா வழியாகச் செல்லும் சாலையும், மெட்டாலாவிலிருந்து முள்ளுக்குறிச்சி வழியே தம்மம்பட்டிக்குச் செல்லும் சாலையும் பேசப்படுவது குறைவு. மஞ்சள் விளையும் வயல்கள், நாகசுரக் கலைஞர் கிருஷ்ணனால் பெயர் பெற்ற ஊர், மரச்சிற்பம் செதுக்கும் தெருக்கள், சுவேத நதிக்கரை ஆகிய யாவும் அவ்வழியில் அமைந்துள்ளன. மலை முழு உருவுடன் பக்கத்தில் நடந்து வருவது பள்ளத்தாக்கிலேதான். மலைமேல் நிற்பவனுக்கு மலை தெரிவதில்லை.

மற்றொரு நுட்பமும் ஈண்டு கருதத்தக்கது. மலைபடுகடாம் என்னும் பெயரே ஓசையைக் குறித்து எழுந்தது. மலையை யானையாகவும், அதில் எழும் ஓசைகளைக் கடாமாகவும் புலவர் கண்டார். அருவியின் ஒலியும், தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டும் அவர் செவியில் விழுந்தன. உந்துவண்டியில் செல்வோர்க்கு அச்செல்வம் இல்லை. நடப்பவனுக்கும் மிதிவண்டியில் செல்பவனுக்கும் மட்டுமே அது கிட்டும்; அதுவும் சாலை அமைதியாக இருந்தால் மட்டுமே.

அமைதியான சாலை என்பது பொழுதுபோக்குக்கான ஆடம்பரம் என்று எண்ணிவிடலாகாது. பால் கேனைக் கட்டிச் செல்பவரும், பூக்கூடையைச் சுமந்து செல்பவரும், வேலைக்குச் செல்லும் கூலியாளும் அச்சாலையை நம்பியே வாழ்கின்றனர். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, சிற்றூர்ப் பெண்கள் பல்லாயிரவர் மிதிவண்டி கற்றனர். அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அம்முயற்சிக்கு ஊக்கமளித்தார், இதழாளர் பி. சாய்நாத் அதனைப் பதிவு செய்தார். கணவனோ தமையனோ அழைத்துச் செல்லும்வரை காத்திராமல், தண்ணீருக்கும் வேலைக்கும் தாமே சென்றுவர அப்பெண்களால் முடிந்தது. பின்னர்த் தமிழ்நாடு அரசு மேனிலை வகுப்பு மாணவ மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. வண்டி கிடைத்தது; அதனை அஞ்சாமல் ஓட்டுவதற்கு உரிய சாலை எங்கே?

தொப்பூர்க் கணவாய் இதற்கு ஒரு பாடம். அதுவும் மலையிடைப் பாதையே. ஆனால் இன்று 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் லாரிப் பெருக்கில், விபத்துகளுக்குப் பெயர்போன இடமாக அது மாறிவிட்டது. மஞ்சவாடிச் சாலையும் தேசிய நெடுஞ்சாலை ஆகிவிட்டது. அதிகாலை நேரமே அங்கு மிதிவண்டிக்கு ஏற்றது. சாலை அகலமாவது வளர்ச்சி என்றே அனைவரும் கூறுவர். அதில் உண்மையும் உண்டு. ஆனால் அகலும் சாலையின் ஓரத்தில் மிதிவண்டிக்கு என இரண்டு முழ அகலம் ஒதுக்கப்படாவிடில், அந்த வளர்ச்சியில் பால்காரருக்கும் பள்ளிச் சிறுமிக்கும் பங்கில்லை. நிழல் தந்த புளியமரமும் போனபின், சேலத்துச் சித்திரை வெயிலில் அவர்கள் செல்லும் வழி எப்படி இருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இலக்கிய வட்டங்கள் இதில் செய்யத்தக்கது ஒன்று உண்டு. ஊர்தோறும் அமைதியான சாலைகளைப் பற்றி எழுதி வைக்கலாம். எந்த வளைவில் மழைக்காலத்தில் மண் சரியும், எங்கே தண்ணீர் கிடைக்கும், பஞ்சர் ஒட்டும் கடை எத்தனை கல் தொலைவில் உள்ளது, எந்தத் தேநீர்க் கடை விடியுமுன் திறக்கும், எவ்விடத்து வேகத்தடை கண்ணுக்குத் தெரியாது, எங்கே நாய்கள் துரத்தும் என்பனவெல்லாம் அதில் இடம்பெற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைச்சாலைகள் அடைபடுவதுண்டு. 2024 டிசம்பரில் புயல் மழையால் ஏற்பட்ட மண்சரிவில் ஏற்காட்டுப் பாதை மூடப்பட்டதை ஊரார் அறிவர். இத்தகைய செய்திகளை உள்ளூரார் சொன்னால்தான் உண்டு.

எழுதப்பட்ட சாலைக்கு ஊரில் மதிப்பு உண்டாகும். மதிப்புள்ள சாலையை, அதன் மரங்களோடும் அமைதியோடும் காக்க வேண்டும் என்று கேட்க நான்கு பேர் முன்வருவர். பொறியும் கவண்கல்லும் எங்கே என்று கூத்தனுக்குச் சொன்ன மொழி, லாரி வரும் வளைவு எது என்று பள்ளி செல்லும் பிள்ளைக்கும் சொல்ல வல்லது. அப்பணி அடுத்த பத்தாண்டில் இவ்வட்டத்தால் கைகூடுக.