வலைக்கண்ணும் சூரைக் குஞ்சும்

(கிழக்கேகோட்டையில் தொடர்கல்வி மையத்தில் படிப்பவர்களுக்காக ஆற்றிய உரை)

இன்று நாம் மீனைப் பற்றிப் பேசப் போகிறோம். குறிப்பாகச் சூரை மீனைப் பற்றி.

கிழக்கேகோட்டையில் இருக்கும் நமக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு? வலியதுறையும் பூந்துறையும் இங்கிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான். விழிஞ்ஞம் இன்னும் கொஞ்சம் தள்ளி. அங்கே வலை நிறைந்தால் இங்கே குழம்பு கொதிக்கும். அங்கே வலை காலியானால் இங்கே விலை ஏறும். மீன் கூடையைச் சுமந்து வரும் பெண்ணின் வீட்டில் அடுப்பு அணையும். ஆகவே இது நம் எல்லோருடைய விஷயம்.

சூரையில் பல வகை உண்டு. கேரை என்று ஒரு வகை. மஞ்சள் துடுப்பு உள்ளது. இது ஆள் உயரம்கூட வளரும். நூறு கிலோவுக்கு மேலும் எடை வரும். வரிச் சூரை என்று இன்னொரு வகை. வயிற்றில் கோடு கோடாக இருக்கும். இது சிறிய சூரை.

சூரை ஓரிடத்தில் தங்காது. நீந்துவதை நிறுத்தினால் அதற்கு மூச்சு நின்றுவிடும். ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். இன்று நம் கடலில் இருக்கும். பிறகு மாலத்தீவுப் பக்கம் போகும். அதற்கு நாட்டு எல்லை தெரியாது.

கேரை மீன் எப்போது முட்டையிடும்? முக்கால் மீட்டர் முதல் ஒரு மீட்டர் நீளம் வளர்ந்த பிறகுதான். அதற்கு முன்பே பிடித்துவிட்டால் என்ன ஆகும்? அந்த மீன் ஒரு முட்டையும் இடாமலே போய்விடும். உழவர் விதைநெல்லைக் குத்திச் சோறாக்க மாட்டார். பசித்தாலும் அதைத் தொட மாட்டார். கடலுக்கும் விதைநெல் உண்டு. குஞ்சு மீன்தான் அந்த விதைநெல்.

குஞ்சு மீன் எப்படி அகப்படுகிறது? அதைச் சொல்கிறேன்.

தூண்டிலில் ஒரு முள்ளுக்கு ஒரு மீன். லட்சத்தீவில் மினிக்காய் என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே கம்பும் தூண்டிலும் கொண்டு சூரை பிடிக்கிறார்கள். மாலத்தீவிலும் இதே முறைதான். உயிருள்ள சிறு மீனை இரையாக வீசுவார்கள். சூரைக் கூட்டம் மேலே வரும். ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுவார்கள். வேண்டாத மீன் அதிகம் சிக்காது. விழிஞ்ஞத்திலும் தூண்டில்காரர்கள் உண்டு. பக்கத்துக் கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் ஆயிரங்கால் தூண்டிலோடு ஆழ்கடலுக்குப் போகிறவர்கள்.

வலை அப்படி இல்லை. வலைக்கண் சிறியதானால் குஞ்சும் தப்பாது. கண் பெரியதானால் குஞ்சு வெளியே போய்விடும். ஆக, குஞ்சின் உயிர் வலைக்கண்ணில் இருக்கிறது.

இந்துமாக்கடலில் பெரிய பெரிய கப்பல்கள் சூரை பிடிக்கின்றன. அவை ஒரு தந்திரம் செய்கின்றன. கடலில் மிதக்கும் பொருளின் கீழே மீன் வந்து கூடும். இது நம் மீனவர்களுக்கும் தெரிந்த விஷயம்தான். கப்பல்காரர்கள் இதற்காகவே மிதவைகளைச் செய்து கடலில் விடுகிறார்கள். அதில் கருவி பொருத்தியிருக்கும். மிதவை எங்கே இருக்கிறது, அதன் கீழே மீன் இருக்கிறதா என்று கப்பலுக்குச் செய்தி போகும். கப்பல் வந்து சுருக்கு வலையைச் சுற்றிப் போடும். கூட்டம் முழுவதும் உள்ளே!

அவர்கள் தேடி வருவது வரிச் சூரையை. ஆனால் அதே மிதவையின் கீழே கேரைக் குஞ்சுகளும் இருக்கும். இரண்டும் ஒரே அளவில் சேர்ந்து திரியும். வலை இரண்டையும் பிரித்துப் பார்க்குமா? பார்க்காது.

இதைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து ஓர் அமைப்பு வைத்திருக்கின்றன. அதன் பெயர் இந்துமாக்கடல் சூரை ஆணையம். அலுவலகம் செஷல்ஸ் நாட்டில் இருக்கிறது. இந்தியாவும் அதில் உறுப்பினர்.

கேரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகிறது என்று 2015-ல் இந்த ஆணையத்தின் அறிவியலாளர்கள் எச்சரித்தார்கள். 2016-ல் கேரை பிடிப்பதற்கு வரம்பு வைத்தார்கள். 2023-ல் மொம்பாசா நகரில் கூடி, ஆண்டுக்கு 72 நாள் மிதவை மீன்பிடிப்பை நிறுத்தத் தீர்மானம் போட்டார்கள். பல நாடுகள் மறுத்தன. தீர்மானம் பலிக்கவில்லை. 2024-ல் பாங்காக்கில் மறுபடி பேசினார்கள். ஒரு கப்பலுக்கு 300 மிதவை என்று இருந்த வரம்பை 2026 முதல் 250 ஆகவும், 2028 முதல் 225 ஆகவும் குறைக்க முடிவு செய்தார்கள். 2024-ல் புதிய ஆய்வும் வந்தது. கேரை இப்போது அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட நிலையில் இல்லை என்று அது சொன்னது. நல்ல செய்திதான். ஆனால் கட்டுப்பாட்டை விட்டுவிட்டால் அந்த நிலை திரும்ப வராது என்று யார் சொல்ல முடியும்?

வெளிநாட்டுக் கப்பலை மட்டும் குறை சொன்னால் போதாது. நம் வீட்டையும் பார்க்க வேண்டும்.

கேரளத்தில் 1980-ல் கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கட்டுமரமும் வள்ளமும் வைத்திருந்த ஏழை மீனவர்கள் போராடினார்கள். மழைக்காலத்தில் இழுவை மடி கூடாது என்றார்கள். 1988-ல் தடை வந்தது. இப்போது ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை, 52 நாள் தடை இருக்கிறது.

2017-ல் மத்திய அரசு ஓர் ஆணை போட்டது. பெரிய விளக்கு எரித்து மீனைக் கூட்டிப் பிடிக்கக் கூடாது. இரண்டு படகு சேர்ந்து ஒரு மடியை இழுக்கக் கூடாது. விளக்கு வெளிச்சத்துக்குக் குஞ்சும் வரும், தாயும் வரும். அதனால்தான் இந்தத் தடை.

மீனின் அளவுக்கும் சட்டம் உண்டு. கேரளத்தில் 2015-ல் 14 வகை மீனுக்கு அளவு வைத்தார்கள். 2017-ல் அது 58 வகை ஆனது. சாளை 10 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். அயிலை 14 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். வாய் நுனியிலிருந்து வால் நுனி வரை அளக்க வேண்டும். 10 சென்டிமீட்டர் என்பது உங்கள் நடுவிரலை விடச் சற்று நீளம். 14 சென்டிமீட்டர் அரைச் சாணுக்குச் சற்று மேல்.

சாளையின் கதையை எண்ணிப் பாருங்கள். 2012-ல் கேரளத்தில் ஏறக்குறைய 4 லட்சம் டன் சாளை கிடைத்தது. 2021-ல் 3,500 டன்கூடக் கிடைக்கவில்லை. கடலின் சூடு மாறியதும் ஒரு காரணம். குஞ்சை வாரியதும் ஒரு காரணம். கடலின் சூட்டை நாம் நினைத்த உடனே மாற்ற முடியாது. குஞ்சை விடுவது நம் கையில் இருக்கிறது.

மீனவர் ஒரு கேள்வி கேட்பார். "நான் விட்டால் பக்கத்துப் படகுக்காரன் பிடித்துக்கொள்வான். டீசல் கடனை நான் எப்படிக் கட்டுவேன்?" நியாயமான கேள்வி. ஒருவர் மட்டும் நல்லவராக இருந்தால் அவருக்குத்தான் நட்டம். அதனால்தான் சட்டம் வேண்டும். அது எல்லாப் படகுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். தடை நாளில் மீனவர் வீட்டுக்கு அரிசியும் உதவியும் தவறாமல் போய்ச் சேர வேண்டும். சிறு படகைப் பிடித்து, பெரிய கப்பலை விட்டால் அது நியாயம் ஆகாது.

நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பொடி மீன் விலை மலிவு என்று வாங்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள். இது பொடியாகவே இருக்கும் மீனா? அல்லது வளர வேண்டிய மீனின் குஞ்சா? நெத்திலி வளர்ந்தாலும் சிறியதுதான். அதை வாங்கலாம். சூரைக் குஞ்சும் சாளைக் குஞ்சும் அப்படி அல்ல. கூடைக்காரப் பெண்ணிடம் சண்டை போட வேண்டாம். "குஞ்சு வேண்டாம் அக்கா, பெரிய மீன் கொண்டு வாருங்கள்" என்று சொன்னால் போதும். பத்து வீட்டில் இந்தச் சொல் எழுந்தால் அது துறைக்குப் போகும். துறையிலிருந்து படகுக்குப் போகும்.

நமக்குக் கணக்கு தெரியும். அளவுகோல் பிடிக்கவும் தெரியும். இனி எழுத்தும் தெரியும். சட்டம் என்ன சொல்கிறது என்று படித்துக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

கலந்து பேசுங்கள்:

1. வரிச் சூரைக்குப் போட்ட வலையில் கேரைக் குஞ்சு ஏன் சிக்குகிறது?

2. உங்கள் வீட்டுக்கு வந்த சாளையை அளந்து பாருங்கள். எத்தனை சென்டிமீட்டர் இருக்கிறது?

3. தடைக்காலத்தில் மீனவர் குடும்பத்துக்கு என்ன உதவி வேண்டும்?