தெளிந்த தண்ணீரும் சுத்தமான தண்ணீரும்

(தோட்டப் பிரிவு நீர்க் குழுக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



பெருமழை தொடங்குவதற்கு முன்னால் நாம் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் குடிதண்ணீர். நமது லயங்களுக்கு வருவது மலையில் ஊறுகிற ஊற்றுத் தண்ணீர். ஊற்று, தாங்கி, குழாய், பீலி, அவ்வளவுதான். இடையில் பெரிய சுத்திகரிப்பு நிலையம் எதுவும் கிடையாது. ஊற்றில் போய்ச் சேருகிற அழுக்கு அன்றைக்கே நம் வீட்டுக் குடத்துக்கு வந்துவிடும்.

"பாட்டன் காலத்திலயிருந்து இந்தத் தண்ணியத்தானே குடிக்கிறோம்? கண்ணாடி மாதிரி இருக்கு, ருசியும் நல்லா இருக்கு. இதுக்கு எதுக்கு மருந்து?" என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாக, நிலத்தடி நீரை நம்பியிருந்த ஒரு சிற்றூரில் நடந்ததைச் சொல்கிறோம்.

கனடா நாட்டில் வாக்கர்ட்டன் என்று ஓர் ஊர். சுமார் 4,800 பேர் வாழ்ந்தார்கள். கிணறுகளிலிருந்துதான் அவர்களுக்குத் தண்ணீர். 2000 ஆம் ஆண்டு மே மாதம் அங்கே கடும் மழை பெய்தது. பக்கத்துப் பண்ணையில் போட்டிருந்த மாட்டெருவிலிருந்து கிருமிகள் மழைநீரோடு இறங்கி, ஆழம் குறைந்த ஒரு கிணற்றில் கலந்துவிட்டன. 2,300 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். 7 பேர் இறந்துபோனார்கள். வசதி உள்ள நாட்டிலேயே இப்படி நடந்தது.

பிறகு நடந்த விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. தண்ணீருக்குப் பொறுப்பாக இருந்தவர்கள் போதிய அளவு குளோரின் போடவில்லை. தினமும் அளந்து பார்க்கவும் இல்லை. ஆனால் அளந்ததாகப் புத்தகத்தில் பொய்க் கணக்கு எழுதி வைத்திருந்தார்கள். அவர்கள் ஊருக்குத் தீங்கு நினைத்தவர்கள் அல்ல. மருந்து போடாத தண்ணீர் தெளிவாகவும் ருசியாகவும் இருக்கிறது என்று தாங்களே அதைக் குடித்தவர்கள். நம்மில் பலர் சொல்லுகிற அதே பேச்சுத்தான்.

மண் தண்ணீரை வடிகட்டும் என்பது உண்மை. ஆழத்திலிருந்து மெல்ல ஊறி வரும் தண்ணீருக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. ஆனால் மேலாக ஓடும் ஊற்றுக்கு மண் படை போதாது. மழை பெய்த உடனே தண்ணீர் கலங்கினாலோ, திடீரென்று பெருகினாலோ, மேல் நிலத்துத் தண்ணீர் நேராக உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். கிருமி கண்ணுக்குத் தெரியாது, ருசியிலும் தெரியாது. 100 மில்லிலீற்றர் குடிதண்ணீரில் மலத்திலிருந்து வரும் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பதுதான் விதி.

"குடிச்சும் ஒண்ணும் ஆகலையே" என்கிறோம். சில வயிற்றோட்டம் இரண்டொரு நாளில் தெரியும். ஆனால் செங்கமாரியை உண்டாக்கும் ஈரல் அழற்சி 'ஏ' கிருமி உடம்பில் புகுந்து 15 முதல் 50 நாட்கள் கழித்தே நோயைக் காட்டும். அதற்குள் எந்தத் தண்ணீரைக் குடித்தோம் என்பதே மறந்துபோகும்.

இனி நமது ஊற்றுக்கு வருவோம். ஊற்றுக்கு மேலே நாலு குடும்பங்கள் மரக்கறி போட்டிருக்கிறார்கள். கோழி எருவும் சாணமும் அங்கே போகிறது. நாட்சம்பளம் போதாமல்தான் அவர்கள் அந்தத் துண்டைக் கொத்துகிறார்கள். ஆகையால் அவர்களை விரோதிகளாக்கிப் பேசக்கூடாது. ஊற்றுக்கு மேலே 100 அடிக்குள் எருவும், மாடும், மலசலகூடமும் வேண்டாம். அந்த இடத்துக்குப் பதிலாக, தாங்கிக்குக் கீழே சும்மா கிடக்கும் நிலத்தை அவர்களுக்குத் தரும்படி துரையிடம் எழுத்தில் கேட்போம். கடிதம் நலன்புரி அலுவலகத்திலிருந்து எழுதப்படும். கையொப்பம் நீங்கள் எல்லோரும் வைக்க வேண்டும். கொத்துகிறவர்கள் நட்டப்படாமல் இது முடிந்தால்தான் நிலைக்கும்.

சிரமதானத்தில் செய்ய வேண்டியவை: ஊற்றைச் சுற்றி வேலி. மேற்பக்கத்தில் மழைத்தண்ணீரை வேறு பக்கம் திருப்பக் கான். தாங்கிக்குப் பூட்டுப் போடும் மூடி. பிறகு தாங்கியைக் கழுவுதல். இடையில் பைப்பை வெட்டி ரப்பர் குழாய் சொருகுவதையும் நிறுத்த வேண்டும். குழாயில் தண்ணீர் நிற்கிற நேரம் அந்த ஓட்டை வழியாகக் கான் தண்ணீர் உள்ளே இழுபடும்.

குளோரின் தூளைக் கண்மதிப்பாக அள்ளிப் போடக்கூடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்கிற அளவுதான். போட்டு அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், ஒரு லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். கலங்கல் தண்ணீரில் மருந்து சரியாக வேலை செய்யாது. தூளை மூடி, ஈரமில்லாத இடத்தில் வைக்காவிட்டால் அதன் வலுவும் போய்விடும். அளந்ததைக் குழுப் புத்தகத்தில் எழுதுவோம். அளக்காத நாளில் "அளக்கவில்லை" என்றே எழுதுவோம். அந்தப் புத்தகம் பிள்ளைக் காம்பராவில் எல்லோரும் பார்க்கத் தொங்கட்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது தாய்மாருக்கு மட்டுமான வேலை அல்ல. குடிக்கிற தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து ஒரு நிமிடம் விடுங்கள். நுவரெலியா போன்ற உயரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதிக்கும். கிருமி சாக அந்தச் சூடு போதும். சந்தேகம் இருந்தால் மூன்று நிமிடம் விடலாம். கொதித்த தண்ணீரை மூடி வையுங்கள். கையை விட்டு மொள்ளாமல் பிடி வைத்த கோப்பையால் எடுங்கள். மலைக்குப் போத்தலில் கொண்டுபோவதும் கொதித்த தண்ணீராகவே இருக்கட்டும். பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் ஜீவனியைக் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். இரத்தம் போனாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இன்று மூன்று காரியம் முடிவாக வேண்டும். துரைக்குக் கடிதம், சிரமதானத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, புத்தகம் எழுத இரண்டு பேர். அந்த இரண்டு பேரில் ஒருவர் மேட்டு லயத்திலும் ஒருவர் பணிய லயத்திலும் இருந்து வரட்டும். பேர் கொடுக்க விருப்பமுள்ளவர்கள் இப்போதே கையை உயர்த்துங்கள்.