இருதயக் குறையுள்ள பிள்ளைக்கும் முகாம் உண்டு



பள்ளியில் முகாம் என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால், இருதயக் குறையோடு பிறந்த பிள்ளையை மட்டும் நாம் லயத்து வாசலிலேயே உட்கார வைத்துவிடுகிறோம். பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு இக்குறை உண்டு. கோலாலம்பூரில் 1992-இல் தொடங்கிய தேசிய இருதயக் கழகத்தில் அறுவைச் சிகிச்சை முடிந்து திரும்பிய பிள்ளையைக்கூட, "ஓடாதே, ஆடாதே" என்றே வளர்க்கிறோம்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவை அடுத்த கேட்டலினா தீவில், இத்தகைய பிள்ளைகளுக்கென்றே 1995-இல் ஒரு முகாம் தொடங்கப்பட்டது. ‘கேம்ப் டெல் கொராசோன்’ என்பது அதன் பெயர். கொராசோன் என்றால் ஸ்பானிய மொழியில் இருதயம். பெற்றோர் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. மருத்துவர்களும் தாதியரும் உடன் இருக்க, பிள்ளைகள் விளையாடுகிறார்கள். சட்டையைக் கழற்றினால் நெஞ்சில் தழும்பு. பக்கத்துப் பிள்ளைக்கும் தழும்பு. அங்கே ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?

பெக்கான் நானாசில் நமக்குத் தீவு வேண்டாம். பள்ளித் திடல் போதும். குறைக்குக் குறை விதி மாறும். ஆகவே, எந்த விளையாட்டு ஆகும், எது ஆகாது என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். மருந்தையும் வேளையையும் ஆசிரியரிடம் சொல்லுங்கள். நிழலையும் தண்ணீரையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். களைத்தவர் உட்காரலாம் என்பதை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது விதியாக்குவோம். அப்போது ஒரு பிள்ளை மட்டும் கூச வேண்டியதில்லை. நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ, உதடு வழக்கத்தைவிட நீலம் பாரித்தாலோ ஆட்டத்தை நிறுத்தி உடனே 999-ஐ அழைப்போம்.

அடுத்த முகாமுக்கு அண்ணன் பெயரைக் கொடுக்கும்போது, அந்தத் தம்பியின் பெயரையும் கொடுங்கள்.