நூற்றைந்தும் ஒரு சுழியும்

(நோணாங்குப்பத்தில் ஆற்றிய உரை)



ஒரு சிறுவன் பட்ட அடியைப் பற்றிப் பேச வந்துள்ளேன். அச்சிறுவன் யானே. ‘நூற்றைந்து எழுது’ என்றார் ஆசிரியர். யான் பலகையில் 1005 என்றெழுதினேன். கையில் பிரம்படி விழுந்தது. ஏன் பிழையென்று எவரும் சொல்லவில்லை. கணக்கென்றாலே நடுங்கும் நெஞ்சம் அன்று வாய்த்தது.

யான் செய்த குற்றந்தான் யாது? நூறு என்று கேட்டேன், 100 எழுதினேன். ஐந்து என்று கேட்டேன். அருகே 5 எழுதினேன். நம் முன்னோர் எழுதியதும் இவ்வாறே! பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக்குறிகள் வைத்திருந்தனர். நூற்றைந்தை ௱௫ என்றும், இருநூற்று முப்பத்து நான்கை ௨௱௩௰௪ என்றும் எழுதினர். வாய்மொழியின் வரிசையே ஓலையிலும் நின்றது. இதோ, நம் அண்டையிலுள்ள அரிக்கமேட்டோடு வணிகம் செய்த உரோமரும் நூற்றின் குறியையும் ஐந்தின் குறியையும் அடுத்தடுத்து வைத்தே நூற்றைந்தைக் காட்டினர்.

இடமதிப்பு முறையோ வேறு. அதில் பத்துக்கும் நூற்றுக்கும் தனிக்குறி இல்லை, இருக்கைக்கே மதிப்பு. வலக்கோடி ஒன்றின் இருக்கை. அதன் இடப்பக்கம் பத்தின் இருக்கை. அதற்கப்பால் நூற்றின் இருக்கை. 555 என்பதில் எண் ஒன்றே. இருக்கையால் அது ஐந்நூறும் ஐம்பதும் ஐந்தும் ஆகின்றது. நூற்றைந்தில் பத்தின் இருக்கைக்கு ஆளில்லை. வெறுமனே விட்டால் 15 ஆகிவிடும். அவ்விருக்கையைக் காக்கும் காவலனே சுழி.

சுழியைத் தமிழனே கண்டான் என்று வெறும்பெருமை பேச வரவில்லை. கி.பி. 683ஆம் ஆண்டுக் கம்போடியக் கல்வெட்டில் அது புள்ளியாகவும், 876ஆம் ஆண்டுக் குவாலியர்க் கல்வெட்டில் சிறு வட்டமாகவும் உள்ளது. அரபியர் வழிக் கற்ற பிபோனாச்சி 1202இல் இத்தாலியில் நூலெழுதி ஐரோப்பாவில் அதனைப் பரப்பினார். நம் தமிழெண்களோடு ௦ சேர்ந்து வழங்கியது 19ஆம் நூற்றாண்டில். நல்லதைக் கொள்வதில் இழுக்கில்லை.

ஆனால், இடமதிப்பை உணர்த்த நம் எண்ணுப்பெயர் போலத் துணை எது? இப்புதுவையில் பிரெஞ்சு கற்கும் பிள்ளை தொண்ணூற்றேழை ‘நான்கிருபது பதினேழு’ என்று சொல்ல வேண்டும். ஆங்கிலம் கற்கும் பிள்ளைக்குப் பதினொன்றின் பெயரில் பத்தே வெளிப்படத் தெரியாது. தமிழிலோ பதினொன்று, இருபது, முப்பது எனப் பத்து தெளிவாய் ஒலிக்கின்றது. தொண்ணூறும் தொள்ளாயிரமும் மட்டும் தடுக்கும். ஒன்று நூற்றையும் மற்றொன்று ஆயிரத்தையும் தம் பெயரிற் கொண்டவை. இவ்விரண்டின் புணர்ச்சியையும் தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலிலேயே விதந்து கூறினார்.

தாய்மார்களே! வீட்டிலேயே கற்பியுங்கள். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாய்க் கட்டுங்கள். பத்துக் கட்டை ஒரு பெருங்கட்டாக்குங்கள். தரையில் மூன்று கட்டம் கீறுங்கள். ஒரு பெருங்கட்டு இடப்புறம், ஐந்து குச்சி வலப்புறம், நடுக்கட்டம் வெறுமை. ‘இங்கே என்ன எழுதுவாய்?’ என்று தமிழிலே கேளுங்கள். பிள்ளை தானே சுழியிடும்.

1005 என்றெழுதும் பிள்ளை மடையனல்லன். தன் பாட்டன் எழுதிய வழியில் நிற்கின்றான். அவனை அடிக்காதீர்! ஒரு படி ஏற்றிவிடுங்கள்!